செல்லப்பிராணிப் பாட்டுக்கு ஏன் கண் கலங்குகிறது? வயதாக வயதாக வரும் கேள்விகள்

வயதில் மூத்தவர்கள் கூடிப் பாட்டுக் கேட்கும் மாலைகளை நடத்தி வருகிறேன். காதல், பக்தி, தாலாட்டு என்று எல்லாம் ஓடும். நாயையோ பூனையையோ பற்றிய பாட்டு வந்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், இன்னொருவர் தண்ணீர் குடிக்க எழுந்து போவார். பிறகு தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கொண்டு, ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

நாய், பூனை பத்தின பாட்டு கேட்டா கண்ணு கலங்கிடுது. இது எல்லாருக்கும் வர்றதுதானா?

ரொம்பப் பேருக்கு வருகிறது. தொண்டை அடைக்கும், நெஞ்சில் ஒரு சூடு பரவும், கையில் மயிர் சிலிர்க்கும், கண்ணில் நீர் கோக்கும். மனம் நெகிழும்போது உடம்பு காட்டும் அடையாளங்கள் இவை. துக்கத்துக்கு மட்டும் உரியவை என்று நினைக்க வேண்டாம். பிரிந்தவர்கள் சேருவதைப் பார்க்கும்போதும், எதிர்பாராத அன்பு கிடைக்கும்போதும் இவைதான் வரும்.

பிராணிப் பாட்டில் அன்பும் பிரிவும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. நாய் வாசலில் காத்திருக்கிறது என்று பாடினாலே போதும். காத்திருப்பதில் பாசம் தெரிகிறது. யாரோ வரவில்லை என்பதும் தெரிகிறது.

சின்ன வயசுல இதே பாட்டைக் கேட்டு ஒண்ணுமே ஆகல. இப்ப மட்டும் ஏன் இப்படி?

பாட்டு மாறவில்லை, நீங்கள் அதற்குள் நிற்கும் இடம் மாறிவிட்டது. பாரதியின் பாப்பா பாட்டில் நாய் வாலைக் குழைத்துக்கொண்டு வருகிறது. குழந்தைக்கு அது விளையாட வரும் தோழன், அவ்வளவுதான். அந்த வால் ஒருநாள் எழ முடியாமல் தரையைத் தட்டியதைப் பார்த்தவருக்கு அதே வரி வேறு மாதிரி கேட்கும். கதைக்குள் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை நாமாக இருந்த காலம் போய், முடிவு தெரிந்தும் கேட்கிறவராகிவிட்டோம்.

இன்னொன்றும் இருக்கிறது. நடுத்தர அளவு நாய்க்கு முதல் ஆண்டு மனிதரின் 15 ஆண்டுகளுக்கும், இரண்டாம் ஆண்டு இன்னொரு 9 ஆண்டுகளுக்கும் ஈடு என்று கால்நடை மருத்துவர்கள் தோராயமாகக் கணக்கிடுவார்கள். அதன் பிறகு ஆண்டுக்கு நாலைந்து. அதாவது நம் கண்ணெதிரே குட்டியாக வந்தது, நம்மைத் தாண்டி மூத்துவிடுகிறது. முதலில் தாடையில் வெள்ளை முடி, பிறகு கண்ணைச் சுற்றி. கருவிழிக்குப் பின்னால் நீலம் கலந்த ஒரு மங்கல். படிக்கட்டின் கீழே நின்று, ஏறலாமா என்று யோசித்து நம்மைத் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு கணம். இருபது வயதில் இதைப் பார்த்தபோது 'பாவம், வயசாயிடுச்சு' என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். இப்போது அதே படிக்கட்டில் நமக்கும் கைப்பிடி தேவைப்படுகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் வயதையும் உணர்ச்சியையும் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். முன்னால் இருக்கும் காலம் குறுகுகிறது என்று உணரும்போது, மனம் புதிய அறிமுகங்களையும் சாதனைகளையும் ஒதுக்கிவிட்டு நெருங்கிய உறவுகளையே நாடுகிறது என்பது அவருடைய கோட்பாடு. மகிழ்ச்சியும் வருத்தமும் ஒரே நேரத்தில் கலந்து வருவது வயதானவர்களிடம் கூடுதலாகத் தெரிகிறது என்றும் அவருடைய ஆய்வுகள் காட்டின. உங்களுக்கு இப்போது நடப்பது அதுதான். மனம் பலவீனமாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை.

நான் எந்தப் பிராணியும் வளர்த்ததே இல்ல. எனக்கு எதுக்கு அழுகை வரணும்?

காத்திருப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். யாரோ ஒருவர் உங்கள் காலடிச் சத்தத்தைக் கேட்டே முகம் மலர்ந்த நாட்கள் உங்கள் வாழ்க்கையிலும் இருந்திருக்கும். பாட்டு தொடுவது அதைத்தான். பிராணிகளைப் பற்றிய பாட்டில் பேச்சே இல்லாத அன்பு வருவதால், கேட்பவர் தன் ஆளை அதில் வைத்துக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது.

எங்க அப்பா போனப்பகூட நான் இப்படி அழல. ஒரு நாய்ப் பாட்டுக்கு அழறேன். நான் என்ன மனுஷன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் முகத்தில் குற்ற உணர்ச்சி இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பா இறந்த அன்று உங்களுக்கு வேலை இருந்தது. ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், வந்தவர்களைக் கவனிக்க வேண்டும், அம்மாவைத் தாங்க வேண்டும். 'நீயே உடைஞ்சா எப்படி?' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அன்று அடக்கியது எங்கும் போய்விடவில்லை. பாட்டுக் கேட்கும்போது உங்களிடம் பொறுப்பு எதுவும் இல்லை, உங்களை நம்பி யாரும் நிற்கவில்லை. அப்போது அது வருகிறது. நாய்க்காக வரும் கண்ணீரில் அப்பாவுக்கு உரியதும் சேர்ந்தே இருக்கும். அப்பாவின் நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த நாய் என்றால் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

நாய் இறந்தபோது நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அன்று யாரும் துக்கம் கேட்டு வரவில்லை. விடுப்பு கேட்கக் கூச்சமாக இருந்தது. 'வேற ஒண்ணு வாங்கிக்கலாம்' என்றார்கள். சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒத்துக்கொள்ளாத இத்தகைய துக்கத்தை, அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989-இல் தனி வகையாகவே பிரித்து எழுதினார். செல்லப்பிராணியின் இழப்பு அதில் சேர்த்தி. துக்கப்பட இடம் கிடைக்காதவருக்கு மூன்று நிமிடப் பாட்டு அந்த இடத்தைத் தருகிறது.

மனிதரோடு ஒப்பிட்டு அழுவது தகாது என்று தோன்றினால் மகாபாரதத்தின் கடைசிப் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். தம்பிகளும் திரௌபதியும் வழியில் ஒவ்வொருவராக விழுந்த பிறகும் நடந்துகொண்டே இருந்தவர் தருமர். கூடவே வந்த நாயை விட்டுவிட்டு ஏறு என்று இந்திரன் சொன்னபோது அவர் தேரில் ஏற மறுத்தார். அவர் தம்பிகளை நேசிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

மெட்டு அழ வைக்குதா, வரி அழ வைக்குதா?

இரண்டும்தான், ஆனால் வேறு வேறு இடங்களில். இசை உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா, பாட்டில் எந்த இடத்தில் கண்ணீர் வருகிறது, எந்த இடத்தில் சிலிர்க்கிறது என்று கேட்பவர்களையே குறிக்கச் சொல்லி 1991-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கண்ணீர் வந்த இடங்கள் பலவற்றில் ஒரே உத்தி இருந்தது. ஒரு சுரம் தன் இடத்தில் நிற்காமல் பக்கத்துச் சுரத்தின் மேல் சாய்ந்து, கொஞ்சம் தவிக்கவிட்டு, பிறகு இறங்கி வந்து சேரும். அந்தத் தவிப்பும் சேர்தலும்தான் தொண்டையைப் பிடிக்கின்றன.

வரிகளில் என் அனுபவத்தில் மிக வலிமையானது பெயர். பாடுபவர் பிராணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் இடத்தைக் கவனித்துப் பாருங்கள். கூப்பிட்டால் ஓடி வருவதற்காக வைத்த பெயர் அது. பாட்டில் கூப்பிடும்போது எதுவும் ஓடி வருவதில்லை. மெட்டும் அந்த இடத்தில் சாய்ந்து இறங்கினால், அரங்கில் பாதிப்பேர் கைக்குட்டையைத் தேடுவார்கள்.

இதெல்லாம் குழந்தைப் பாட்டுதானே? பெரிய கலைஞர்கள் யாராவது பிராணிக்குப் பாடியிருக்காங்களா?

பாடியிருக்கிறார்கள், அதுவும் வெகு காலமாக. ஹோமரின் ஒடிசியில் ஒடிசியஸ் 20 ஆண்டுகள் கழித்து மாறுவேடத்தில் வீடு திரும்புகிறான். அவனுடைய நாய் ஆர்கோஸ் குப்பைமேட்டில் கிடந்தபடியே அவனை அடையாளம் கண்டு, வாலை அசைத்து, இறந்துபோகிறது. ஒடிசியஸ் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். ரோமானியக் கவி கட்டுல்லஸ், கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில், காதலி வளர்த்த சிட்டுக்குருவி இறந்ததற்கு ஓர் இரங்கல் பா எழுதினார்.

இந்தக் காலத்துக்கு வந்தால், அமெரிக்கப் பாடகர் ரெட் ஃபோலி தன் சிறுவயது நாயின் நினைவில் 'ஓல்டு ஷெப்' எழுதினார். 1945-இல் ஒரு கண்காட்சிப் போட்டியில் பத்து வயது எல்விஸ் பிரெஸ்லி பாடியது இந்தப் பாட்டைத்தான். 1956-இல் இசைத்தட்டிலும் பதிவு செய்தார். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1968-இல் பாடிய 'மார்த்தா' அவர் வளர்த்த சடைநாயின் பெயர். ஹென்றி கிராஸ் 1976-இல் பாடிய 'ஷானன்' இறந்துபோன ஒரு நாயைப் பற்றியது. பெண்ணின் பெயர் என்று நினைத்தே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஏராளம்.

ஜெர்ரி ஜெஃப் வாக்கர் 1968-இல் வெளியிட்ட ஒரு பாட்டில், தெருவில் ஆடிப் பிழைக்கும் முதியவர் ஒருவர், தன் நாய் இறந்து 20 ஆண்டுகள் ஆகியும் துக்கம் ஆறாமல் இருக்கிறார். ஹோமரிடம் நாய் மனிதனுக்காக 20 ஆண்டுகள் காத்திருக்கிறது. இங்கே மனிதன் நாய்க்காக. இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டால், கேட்பவர்கள் முகமே மாறிவிடும்.

சந்தோஷமான பாட்டுதான், பூனை சேட்டை பண்றதைப் பாடறாங்க. அதுக்கும் அழுகை வருதே?

'குயீன்' என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி தன் பூனை டிலைலாவைப் பற்றிப் பாடியது அப்படித்தான் இருக்கும். விலை உயர்ந்த நாற்காலியை அசுத்தம் பண்ணிவிட்டாய் என்று செல்லமாகக் கோபிக்கிறார். அதே குழுவின் பிரையன் மே கிட்டாரிலேயே மியாவ் சத்தம் எழுப்புகிறார். பாட்டில் சோகம் ஒரு துளிகூட இல்லை. ஆனால் அந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பம் வந்தது 1991 பிப்ரவரியில். அதே ஆண்டு நவம்பரில் மெர்குரி இறந்துவிட்டார். பாடும்போதே அவர் உடல்நிலை மோசமாகத்தான் இருந்தது. இது தெரிந்தவருக்குச் சேட்டைப் பாட்டு சேட்டையாக மட்டும் கேட்காது.

உங்கள் வீட்டுப் பூனையின் சேட்டையும் அப்படித்தான். முடிந்துவிட்ட ஒன்றின் உற்சாகம் காதில் விழும்போது, இரண்டாம் பதிலில் சொன்ன அந்தக் கலவை உணர்ச்சி பொங்குகிறது.

கண்ணீரை வரவழைக்கவே எழுதின பாட்டு, சும்மா ஏமாத்து வேலைன்னு என் பையன் சொல்றான்.

சில பாட்டுகள் அப்படித்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மழை, வயலின், சாகும் நாய்க்குட்டி என்று அடுக்கிவிட்டால் கண்ணீர் வந்துவிடும் என்று கணக்குப் போட்டு எழுதியவை உண்டு. கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி இருக்கிறது. பாட்டில் வரும் நாய் ஒரு குறிப்பிட்ட நாயா, அல்லது எந்த நாயாகவும் இருக்கலாமா என்று பாருங்கள். ஒரு காது மடிந்தது, இடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஓடுவது, ஒரே ஒரு செருப்பை மட்டும் தூக்கிப்போவது என்று ஏதாவது ஒன்று இருந்தால், எழுதியவர் அதோடு வாழ்ந்திருக்கிறார்.

ஆனாலும் கணக்குப் போட்டு எழுதிய பாட்டுக்கு வந்த கண்ணீரும் பொய் இல்லை. பாட்டு மலிவாக இருக்கலாம், உங்கள் நாய் மலிவானது இல்லையே. பையனிடம் இதைச் சொல்லுங்கள். அவனும் அந்த நாயோடு வளர்ந்தவன் என்றால் உடனே புரிந்துகொள்வான்.

என் பூனை நல்லாத்தான் இருக்கு, மடியிலதான் தூங்குது. அது உயிரோட இருக்கும்போதே பாட்டு கேட்டு அழறது சரியா?

வயதான பிராணியை வளர்ப்பவர்கள் பலர் இதைச் செய்கிறார்கள், வெளியில் சொல்வதில்லை. வரப்போகும் பிரிவை மனம் முன்கூட்டியே தொட்டுப் பார்க்கிறது. அதனால் பிரிவு சீக்கிரம் வந்துவிடாது, வரும்போது வலி குறைந்தும் விடாது. அழுகையை நிறுத்த முயல வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: பாட்டு முடிந்ததும் எழுந்து அதன் பல்லையும் எடையையும் பாருங்கள், கடைசியாக மருத்துவரிடம் காட்டியது எப்போது என்று யோசியுங்கள். வயதான பூனைகளுக்கு அதிகம் வருவது சிறுநீரகக் கோளாறு. வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பதும் எடை குறைவதும் அதன் அடையாளங்கள்.

ஊசி போட்டு அனுப்ப நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதிரி வரி வந்தா எழுந்து போயிடறேன்.

எழுந்து போவதில் தவறில்லை. மேலே சொன்ன 'ஓல்டு ஷெப்' பாட்டின் நடுவே இந்த இடம்தான் வருகிறது. மருத்துவர் கைவிட்டுவிடுகிறார், பாடுபவர் நடுங்கும் கையால் துப்பாக்கியை எடுக்கிறார், சுட முடியாமல் தவிக்கிறார். 1930-களில் எழுதிய பாட்டு அது. இன்று கால்நடை மருத்துவர் செலுத்துவது அளவுக்கு மிஞ்சிய மயக்க மருந்து. நரம்பில் ஏறிய சில நொடிகளில் நினைவு போய்விடும், இதயம் நிற்பது அதற்குப் பிறகுதான். பிராணி தூக்கத்தை மட்டுமே உணர்கிறது.

'இன்னும் ரெண்டு நாள் பார்த்திருக்கலாமோ' என்ற கேள்வி எல்லாரிடமும் இருக்கிறது. அந்த இரண்டு நாளை நீங்கள் உங்களுக்காக எடுத்துக்கொள்ளவில்லை என்று நான் நம்புகிறேன். பாட்டைக் கேட்க முடியும் என்று தோன்றும் நாளில், இதே முடிவை எடுத்த இன்னொருவரோடு உட்கார்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்பதைவிட அது தாங்கும்படி இருப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

இது பாட்டா, வியாதியான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? எப்ப டாக்டரைப் பாக்கணும்?

உணர்ச்சிக்கும் அழுகைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மனதில் வருத்தமே இல்லாமல் திடீரென்று அழுகை பீறிட்டு, நிறுத்த முடியாமல் போனால், அல்லது சம்பந்தமில்லாமல் சிரிப்பு வந்தால், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பக்கவாதம், பார்க்கின்சன் நோய் போன்றவற்றுக்குப் பிறகு மூளையில் உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பாதைகள் பாதிக்கப்பட்டால் இப்படி நடக்கும். மருந்து இருக்கிறது.

பாட்டு இல்லாத நேரத்திலும் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனம் இருண்டே இருந்தால், தூக்கமும் பசியும் குறைந்தால், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனால், அது மனச்சோர்வாக இருக்கலாம். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் அன்றே யாரிடமாவது சொல்லி, மருத்துவ உதவி கேளுங்கள். இவை எதுவும் இல்லாமல் பாட்டுக்கு மட்டும் கண் கலங்கினால் கவலை வேண்டாம்.

அம்மாவுக்கு மறதி நோய். நாய்ப் பாட்டு போட்டா முகம் மலருது, ஆனா உடனே 'எங்க அவன்?'னு கேக்கறாங்க. என்ன சொல்ல?

மறதி நோயில் பல நினைவுகள் அழிந்த பிறகும், இளமையில் கேட்டுப் பழகிய பாட்டுகள் நெடுநாள் தங்குவது உண்டு. பொதுவாகவே பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட கால நினைவுகள் முதுமையில் மிகுதியாக மேலெழும். அந்தக் காலத்து நாய் பாட்டோடு சேர்ந்து வருவதில் வியப்பில்லை. பாட்டைப் போடுங்கள், சத்தம் குறைவாக, ஒரு நேரத்தில் ஒன்று.

'எங்க அவன்?' என்றால் 'அவன் செத்து நாப்பது வருஷம் ஆச்சும்மா' என்று திருத்த வேண்டாம். அம்மாவுக்கு அது ஒவ்வொரு முறையும் அன்றுதான் வந்த செய்தி. 'அவன் என்னம்மா பண்ணுவான்? யார்கிட்ட ரொம்ப ஒட்டிக்குவான்?' என்று கேளுங்கள், பேச்சு தொடரும். 'போயிட்டானா?' என்று அவரே நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். 'ஆமாம்மா, உன்கூட நல்லா இருந்தான்' என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கள். முகம் இறுகினாலோ கை பரபரத்தாலோ பாட்டை நிறுத்திவிடுங்கள்.

எழுபது ஆகப்போகுது. இந்தப் பாட்டெல்லாம் கேட்டா இன்னொண்ணு வளர்க்கணும்னு ஆசையா இருக்கு. எனக்கு முன்னாடி அது போனா தாங்க மாட்டேன், அதுக்கு முன்னாடி நான் போனா அது என்ன பண்ணும்?

இரண்டாவது பயத்துக்கு ஏற்பாடு செய்யலாம். வீட்டுக்குள் வளரும் பூனை 12 முதல் 18 ஆண்டுவரை, சில சமயம் 20 வரைகூட இருக்கும். நாய் பெரும்பாலும் 10 முதல் 13. ஆகவே குட்டியை எடுக்காதீர்கள். காப்பகங்களில் ஏழெட்டு வயதுப் பிராணிகளை யாரும் தேடி வருவதில்லை. அவற்றில் ஒன்றை எடுங்கள். உங்களுக்குப் பின் யார் பார்ப்பார் என்பதை முதலிலேயே ஓர் ஆளிடம் கேட்டு, அவர் வாயால் 'சரி' என்று வாங்குங்கள். பெரும்பாலான நாடுகளில் பிராணி சட்டப்படி வாரிசாக முடியாது. பணம் ஒதுக்குவதானால் பார்த்துக்கொள்பவர் பெயரில் ஒதுக்குங்கள். சாப்பாட்டு வழக்கம், மருந்து, பயப்படும் விஷயங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

முதல் பயத்துக்கு ஏற்பாடு கிடையாது. போன தடவையும் தாங்க மாட்டேன் என்றுதான் சொன்னீர்கள். இன்று அதன் பாட்டைக் கேட்டு இன்னொன்றுக்கு ஆசைப்படுகிறீர்கள்.

என் நாய்க்கு நானே ஒரு பாட்டு கட்டலாம்னு இருக்கேன். எனக்கு இசையே தெரியாது.

கட்டுங்கள். தெரிந்த மெட்டு எதையாவது எடுத்துக்கொண்டு, நாயைக் கொஞ்சும்போது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் சொற்களையே அதில் போடுங்கள். தினமும் கூப்பிட்ட செல்லப்பெயர்களிலேயே பாதிப் பாட்டு தயாராக இருக்கும். உண்மை, நன்றி, விசுவாசம் போன்ற பொதுச் சொற்களைத் தவிருங்கள். எட்டாவது கேள்வியில் சொன்ன மடிந்த காது மாதிரி விஷயங்கள் வரட்டும்.

நாய் இருக்கும்போதே அதன் குரலையும் பதிவு செய்துவிடுங்கள். புகைப்படம் எல்லாரிடமும் இருக்கிறது, சத்தத்தைச் சேர்த்து வைத்தவர்கள் குறைவு. தண்ணீர் நக்கிக் குடிக்கும் சத்தம், தரையில் நகம் படும் சத்தம், கதவைத் திறந்ததும் எழுப்பும் அந்தக் குரைப்பு. பூனையாக இருந்தால் அது குறுகுறுக்கும்போது தொலைபேசியைக் கழுத்தருகே வைத்தால் நன்றாகப் பதிவாகும். கோப்புக்குப் பெயரும் தேதியும் போட்டு இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். தொலைபேசி மாற்றும்போது முதலில் தொலைந்துபோவது இவைதான்.